பாப்பாயி வாய் திறக்காத மத்தியானம்

பாப்பாயியும் என் பெரியப்பாவும் முதன்முதலில் பேசிக்கொண்டது எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அதை எழுதிக்கொண்டிருந்ததே நான்தான்.

"அம்மா, நீங்கள் கல்யாணங்களில் ஏசல் பாட்டு நன்றாகப் பாடுவீர்களாமே?" என்று பெரியப்பா கேட்டார்.

"யாரைத் திட்டோணும்?" என்றார் பாப்பாயி.

"யாரையும் திட்ட வேண்டாம். சும்மா பாடினால் போதும்."

"சும்மா எப்படிங்க திட்டறது? எதுக்கால ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

"ஆள் இல்லாமல் பாட முடியாதா?"

"ஆளு இல்லாம நீங்க சண்டை போடுவீங்களா?"

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரி, என்னைத் திட்டுங்கள்" என்றார்.

பாப்பாயி அவரை வழுக்கையிலிருந்து கான்வாஸ் செருப்பு வரைக்கும் ஒரு முறை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்களப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? தெரிஞ்சாத்தான திட்ட முடியும். ஒரு பத்து நாளு இங்கயே இருங்க. அப்பறம் நல்லாத் திட்டறேன்."

"அத்தனை நாள் முடியாது. ஏற்கெனவே யாரையாவது திட்டிய பாட்டு இருக்குமே, அதைப் பாடுங்கள்."

"அது முடிஞ்சு போச்சுங்களே."

"முடிந்துபோவதென்றால்?"

"பாடி முடிச்சு, ரெண்டு பக்கத்துப் பொம்பளைங்களும் ஒரே குடத்துத் தண்ணியில வாய் கொப்பளிச்சுத் துப்பிட்டமுங்க. துப்புனா அதோட போச்சு. மறுக்கா எடுக்கப்படாது."

"அதற்கென்ன, நாமும் துப்பிவிடலாம்" என்றார் பெரியப்பா.

பாப்பாயி தன் கணவர் முத்தனைப் பார்த்தார். முத்தன் பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் தலையை ஒரு வட்டமாக ஆட்டினார். பாப்பாயி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

ஆடு மேய்க்கப் போன மாமன்
ஆட்டைத் தொலைச்சு வந்தானாம்
தேடிப் பாக்கப் போன மாமன்
தன்னைத் தொலைச்சு நின்னானாம்

திண்ணனூரு சின்னையன்
தீராக் கஞ்சன் சின்னையன்
கம்பளியில் ஓட்டை ஒம்போது
கணக்குப் பாத்துப் போத்துவான்
பொண்டாட்டிக்கு ஓட்டைப் பக்கம்
பூனைக்குட்டிக்கு நல்ல பக்கம்

பாடி முடித்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் கொப்பளித்துத் துப்பினார். நான் துப்பினேன். விடியற்காலையிலிருந்து மலை ஏறிவந்த பெரியப்பா மிச்சத் தண்ணீரை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "மலைத் தண்ணீர் மலைத் தண்ணீர்தான்" என்றார்.

"முழுங்கிட்டாரே" என்றார் பாப்பாயி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அது 1959ஆம் வருஷம். பெரியப்பா அர்த்தனாரி, சேலத்தில் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலையின் இசையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு பெரிய புத்தகம் எழுதுவதென்று தீர்மானித்திருந்தார். முன்னுரையை மலை ஏறுவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். நன்றியுரையும் தயார், பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். ஒரு பாட்டுக்கு ஓர் அட்டை என்று கணக்கு வைத்து, இருநூறு அட்டைகளை இரண்டு பிஸ்கட் டின்களில் அடைத்துக்கொண்டு பேளுக்குறிச்சியிலிருந்து நடந்தே ஏறினோம். அப்போது மலைக்கு பஸ் கிடையாது. டேப் ரிக்கார்டர் ஒன்று இரவல் கிடைப்பதாக இருந்தது. அதற்குக் கரண்ட் வேண்டும், தூக்க ஆள் வேண்டும். எனக்குக் களி கொடுத்தால் போதும் என்பதால் என்னை அழைத்துவந்தார். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். இரண்டு மொழியிலும் வேகமாக எழுதுவேன், குறுக்கே பேச மாட்டேன் என்று அப்பா சிபாரிசு செய்திருந்தார்.

பெரியப்பாவிடம் நாற்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. இந்தப் பாட்டு எந்தப் பருவத்துக்குரியது, எந்தத் தெய்வத்தோடு தொடர்புடையது, சுருதி என்ன, தாளம் என்ன என்று போகும். சுருதி பற்றிக் கேட்டபோது பாப்பாயி, "சத்தமாப் பாடோணும், அம்புட்டுத்தான்" என்றார். அட்டையில் அது 'உச்ச ஸ்தாயி' என்று ஏறியது.

பாப்பாயிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரக்கரை நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) இரண்டு ஏக்கர் சரிவில் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்தார். பலா மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். அவருக்கு ஒரே மகன், பழனிமுத்து. மலையில் எந்த நாட்டில் கல்யாணம் என்றாலும் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ, யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்கள் பக்கம் பாப்பாயி போய் உட்காருவார். எதிர்ப் பக்கத்தைப் பாட்டில் திட்டுவது அவர் வேலை. எதிர்ப் பக்கம் பதிலுக்குத் திட்ட வேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி. பாப்பாயி தோற்றதாக யாரும் சொன்னதில்லை. ஒரு முறை எதிர்ப் பக்கம் வெளியூரிலிருந்து ஒரு பாட்டுக்காரியைக் கூட்டிவந்தார்களாம். பாப்பாயி அவர் மூக்குத்தியைப் பற்றி நாலு வரி பாடினதும் அந்தம்மாள் சிரித்துச் சிரித்துப் பாயிலேயே சாய்ந்துவிட்டார். அதையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அவர் இதற்குச் செய்த ஆராய்ச்சியைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று வாரம் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவார். மிளகு விற்கும் சாக்கில் எதிர்ப் பக்கத்து உறவுக்காரர்களோடு உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அவரிடம் நாற்பது கேள்வி கிடையாது. ஒரே கேள்விதான்: "அப்பறம்?" யார் குறட்டை விடுகிறார், யார் மாமியாருக்குப் பயந்து பலா மரத்தில் ஏறி உட்கார்ந்தார், எந்த வீட்டில் நெய்யை எங்கே ஒளித்துவைக்கிறார்கள் என்று எல்லாம் வந்துவிடும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே பாட்டில் சேர்ப்பார். "பொய்யச் சொல்லித் திட்டுனா அவனுக்கு ஒறைக்காது கண்ணு" என்று என்னிடம் சொன்னார். பெரியப்பாவின் முறையோடு இதை ஒப்பிட்டு நான் எந்த அட்டையிலும் எழுதவில்லை.

'இந்தச் சின்னையன் யார்?' என்று பெரியப்பா கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். அந்தக் கேள்வி நாற்பதில் இல்லை. நானும் கேட்கவில்லை. மலையில் தடுக்கி விழுந்தால் ஒரு சின்னையன் மேல்தான் விழ வேண்டும்.

அன்று மாலையே பெரியப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. "ஒன்பது ஓட்டை என்றால் என்ன? ஒன்பது வாசல். கம்பளி என்பது உடம்பு. புரிகிறதா? தேடப் போனவன் தன்னையே தொலைத்தான் என்கிறாள். இது திட்டே இல்லை, தத்துவம்!" என்றார்.

"பூனைக்குட்டி?" என்று கேட்டேன்.

"ஆன்மா" என்றார் உடனே.

சின்னையன் இந்த மலையை ஒரு காலத்தில் ஆண்ட தலைவன் என்றும், அவன் பிற்காலத்தில் துறவு பூண்டான் என்றும் மூன்று பக்கம் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். மண்ணெண்ணெய் தீர்ந்ததால் அவனுடைய வாரிசுகள் தப்பித்தார்கள்.

பெரியப்பாவிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஓர் ஊரில் எழுதிய பாட்டை இன்னோர் ஊரில் படித்துக் காட்டி, அங்கே அது எப்படி மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிடுகிறவர்களின் முறை அது. எட்டு நாள் கழித்துத் திண்ணனூர் நாட்டுக்குப் போனோம். விவரம் தெரிந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்ததில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வீட்டுக்காரர் வணக்கமாக உட்காரச் சொன்னார். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு வந்தது. பெயர், வயது ஆகிய கேள்விகள் பெரியப்பாவின் தாளில் முப்பத்தொன்பதாவதும் நாற்பதாவதும்.

நான் பாட்டைப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் படிப்பதுபோல, திருத்தமாகவும் உரக்கவும் படித்தேன். கையில் அவர் கொடுத்த கிழங்கு இருந்தது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தத் தலைவன் சின்னையனைப் பற்றி உங்கள் பக்கம் ஏதாவது கதை உண்டா?" என்று பெரியப்பா கேட்டார்.

"தலைவனுங்களா?"

"ஆமாம். இந்த மலையை ஆண்டவன் என்று நினைக்கிறேன்."

"ஆண்டதெல்லாம் இல்லீங்க. ஒண்ணரை ஏக்கராதானுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க. நான்தான் சின்னையன்."

பூனை ஒன்று உள்ளிருந்து வந்து அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. பெரியப்பா பெரிய அறிஞர், சட்டென்று சமாளித்தார். "சரி, பாட்டில் ஏதாவது மாறுபாடு?" என்றார்.

சின்னையன் யோசித்துப் பார்த்து, "ஒம்போதில்லீங்க. ஆறு ஓட்டைதான்" என்றார்.

"எழுது. பாடபேதம், ஆறு" என்றார் பெரியப்பா என்னிடம்.

எழுதினேன். அதற்குள் சின்னையனின் மனைவி இருசாயி வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, இந்தப் பாட்ட உங்களுக்குக் குடுத்தது ஆரு?"

"பெரக்கரை நாட்டுப் பாப்பாயி" என்றார் பெரியப்பா.

"எப்போ?"

"போன வாரம்."

"எந்தக் கண்ணாலத்துல?"

"கல்யாணம் ஒன்றும் இல்லை அம்மா. அவர்கள் வீட்டு வாசலில், எனக்காக."

"துப்புனீங்களா?"

பெரியப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "குடித்துவிட்டேன்" என்றார்.

இருசாயி எங்கள் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டார். கிழங்கு பாதிதான் முடிந்திருந்தது.

அந்தப் பாட்டு நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாணத்தில் சின்னையனை எதிரே வைத்துப் பாடியது. அன்றைக்கு இருசாயியும் சேர்ந்துதான் சிரித்தாராம். எல்லோரும் ஒரே குடத்தில் கொப்பளித்துத் துப்பிவிட்டு விருந்து சாப்பிட்டார்களாம். துப்பிய பாட்டைத் திரும்ப எடுத்தது, அதையும் கீழ்நாட்டு வாத்தியாருக்குக் கொடுத்தது, அவர் அதை ஊர் ஊராகப் படித்துக்கொண்டு வருவது, இதெல்லாம்தான் இருசாயிக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்றும் எங்களுக்குத் தெரியாது. சின்னையனின் மகள் சின்னாயியைப் பழனிமுத்துவுக்குப் பேசியிருந்தார்கள். சாமை அறுப்பு முடிந்ததும் வெற்றிலை மாற்றுவதாக இருந்தது.

நாங்கள் பெரக்கரைக்குத் திரும்புவதற்குள் பெண் கிடையாது என்ற செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பழனிமுத்து சாப்பிடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏம்மா, உனக்கு வேற பாட்டே கெடைக்கலியா?"

"நல்ல பாட்டுக் கேட்டாங்க. இருக்கறதுல நல்லதக் குடுத்தேன்" என்றார் பாப்பாயி. எழுதுகிறவர்களுக்கும் இந்த பலவீனம் உண்டு.

"நீ திட்டாத ஊடு இந்த மலையில ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் அங்க போயிப் பொண்ணு கேட்டுக்கறேன்."

பாப்பாயி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு விரல் மடங்கியது. பிறகு அந்த இரண்டும் நிமிர்ந்துவிட்டன. "அவியளையும் திட்டியிருக்கறேன் சாமி" என்றார்.

அதன் பிறகுதான் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் சிரித்தார்கள், எல்லா வீட்டிலும் துப்பினார்கள்; ஆனால் பெண் கொடுக்க முன்வந்தது சின்னையன் வீடு ஒன்றுதான். பாப்பாயி முத்தனைத் திண்ணனூருக்கு அனுப்பினார். பேசாதவர் போனால்தான் பேச்சு முடியும் என்பது அவர் கணக்கு. முத்தன் மறுநாள் திரும்பிவந்து ஒரே மூச்சில் சொன்னார். அவர் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது அது ஒரு முறைதான்.

"நீ அங்க போயி வாசல்ல உக்காரோணுமாம். இருசாயியும் அவ நாத்தனாருங்களும் உன்னத் திட்டிப் பாடுவாங்களாம். பாடி முடிக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாதாம். ஒரு வார்த்தை பேசுனாலும் பொண்ணு இல்லையாம். வாத்தியாரும் அந்தக் காகிதத்தோட வரோணுமாம்."

"பதிலே சொல்லப்படாதா?"

"படாதாம்."

பாப்பாயி வெகுநேரம் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "பதில் இல்லீன்னா தோத்த மாதிரில்ல?" என்றார். முத்தன் மறுபடியும் தலையை ஒரு வட்டமாக ஆட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் போனோம். வாசலில் பாய் போட்டிருந்தார்கள். பாப்பாயி உட்காருவதற்கு முன் எட்டு வெற்றிலையை ஒன்றாக மடித்து வாய்க்குள் அடைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. பழனிமுத்து பலா மரத்தடியில் நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா புது அட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இருசாயி ஆரம்பித்தார்:

பெரக்கரை நாட்டுப் பாப்பாயி
நீ ரொம்பக் கெட்டவ
உனக்கு நல்ல புத்தியே இல்ல

அதோடு நின்றுவிட்டது. நாத்தனார்கள் இருவரும் அதையே மூன்று முறை பாடினார்கள். மூன்று முறையும் வெவ்வேறு மெட்டு.

"அப்பறம் என்னடி?" என்றார் இருசாயி.

"மூக்கச் சொல்லு" என்றார் மூத்த நாத்தனார்.

"உம் மூக்கு பெருசு..."

"அவ மூக்கு பெருசில்லீயே."

"பாட்டுக்குத்தானடி!"

"பாட்டுன்னா மட்டும்? எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருக்கறாங்க."

பாப்பாயியின் கண்ணில் நீர் கட்டியது. திட்டினது உறைக்கவில்லை. வரி நொண்டினால் அவருக்குப் பல்வலி போல என்று முத்தன் பிறகு சொன்னார். வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பழனிமுத்து இரண்டடி முன்னால் வந்து நின்றான்.

"உஞ் சமையல்ல உப்பில்ல" என்று இளைய நாத்தனார் எடுத்தார். "உம் புருசனுக்கு... உம் புருசனுக்கு..."

"அவரு நல்லவருடி. அவர வுட்டுரு."

இந்த இடத்தில்தான் பாப்பாயியின் கால் கட்டைவிரல் பாயில் தட்ட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவருக்கே தெரிந்து தட்டியதாகத் தோன்றவில்லை. ஆனால் நாத்தனார்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உப்பில்லாத சமையலும் புத்தியில்லாத பாப்பாயியும் ஒருவழியாக வரிசையில் வந்து நின்றார்கள். பாட்டு நன்றாக இருப்பது இருசாயிக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. குனிந்து பார்த்தார்.

"வெரல மடக்கு!"

பாப்பாயி விரலை மடக்கிக்கொண்டார். பாட்டு மறுபடியும் குழிக்குள் விழுந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் பெரியப்பா கை தூக்கி, "அந்த 'நல்ல புத்தியே இல்ல' என்ற வரியை இன்னொரு முறை பாட முடியுமா? மெட்டு சரியாக விழவில்லை."

பாடினார்கள். இன்னும் ஒரு முறை கேட்டார். இன்னும் ஒரு முறை பாடினார்கள். பாப்பாயி பெரியப்பாவைப் பார்த்த பார்வையில், அன்று கேட்ட பத்து நாளும் கழிந்து, அவரைத் திட்ட ஒரு பாட்டு தயாராகிவிட்டது தெரிந்தது.

முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் இருசாயிக்கே தொண்டை கட்டிவிட்டது. "போதும். இவ்வளவுதான் வருது" என்று உட்கார்ந்துவிட்டார். குடம் வந்தது. பாப்பாயி வெற்றிலையோடு சேர்த்துத் துப்பினார். எல்லோரும் துப்பினோம். பெரியப்பா துப்பும் வரைக்கும் இருசாயி அவர் முன்னாலேயே நின்றார். பிறகு கையை நீட்டினார். பெரியப்பா சின்னையனின் அட்டையையும், அதோடு பின் குத்தியிருந்த மூன்று பக்கத் தத்துவத்தையும் கொடுத்தார். இரண்டும் அடுப்புக்குள் போயின. பெரியப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் புத்தகத்துக்கு அதைவிட நல்லது எதுவும் நடக்கவில்லை என்பது என் கருத்து.

அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அடுப்பில் போன பாட்டை நான் இங்கே எழுதியதற்கு இருசாயியின் சம்மதம் உண்டு. கணவரிடம் கோபம் வரும்போதெல்லாம் இப்போது அவரே அதைத்தான் பாடுகிறார், ஆறு ஓட்டை என்று திருத்தி.

நாங்கள் மலை இறங்கிய அன்று காலையில் பாப்பாயி மரவள்ளிக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொள்ளப் போனேன்.

"ஏங் கண்ணு, அன்னிக்கு இருசாயி பாடுனத வாத்தியாரு பொஸ்தகத்துல போடுவாரா?"

"போடுவார். துப்பின பாட்டானாலும் அவங்களே சம்மதம் குடுத்துட்டாங்க."

"அப்படியேவா?"

"பாடினபடியேதான் போடணும். அதுதான் முறைன்னு சொல்றார்."

பாப்பாயி கையிலிருந்த களையை உதறினார். "உம் மூக்கு பெருசுங்கறதுமா?"

"அதுவும்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "நேத்து அவ ஊட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டுச் சொன்னேன், என்னையத் திட்டித்தான். கேட்டுட்டு, 'ஆமா பாப்பாயி, இதத்தான் நான் பாடோணும்னு நெனச்சேன்'னா. நீ எழுதிக்க." கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் போடாமல் பாடினார்:

பெரக்கரை நாட்டுப் பாப்பாயி
பேச்செடுத்தா மழை நிக்கும்
வாயை மூடி உக்காந்தாளே
வருசம் பூரா வெள்ளாமை

மகனுக்குப் பொண்ணு கேக்க வந்தா
மலையே காதைப் பொத்திக்கும்
எட்டு வெத்தலை அடைச்ச பின்னும்
எகிறி எகிறி நாக்கு துடிக்கும்

நான் எழுதி முடிக்கும் வரைக்கும் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நொண்டிப் பாட்ட எடுத்துட்டு இதப் போடு கண்ணு. கீழ இருசாயின்னு பேர எழுது. எம் பேர எழுதாத. தோத்ததுதான் தோத்தேன், ஒரு நல்ல பாட்டுக்குத் தோத்ததா இருக்கட்டும். எஞ் சம்பந்திக்குப் பாடத் தெரியாதுன்னு அச்சுல வரப்படாது. வாத்தியார்கிட்டச் சொல்லிப்போடாத, எட்டு வெத்தலைக்கு என்னமாச்சும் அர்த்தம் கண்டுபுடிச்சுருவாரு."